ராம் 2500-க்கு வெளி டீசல் பம்ப் மாட்டினேன், அரை டேங்குக்குக் கீழே போனால் பிரஷர் முள் ஆடுகிறது

பனிக்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். இருப்பது கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் பக்கம். வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ், 24 வால்வ், மேனுவல் கியர். குளிரில் பனி தள்ளுவது, கோடையில் விறகு ஏற்றுவது, நடுவில் என் மனைவியின் வசவு வாங்குவது, இதுதான் அதன் வேலை.

இந்த எஞ்சினைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வ் ராம்களில் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இஞ்செக்‌ஷன் பம்ப் பாஷ் விபி44. டேங்கிலிருந்து டீசலை இழுத்து அதற்குக் கொடுக்க எஞ்சின் பிளாக்கில் ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் இருக்கும். அதை இங்கே லிஃப்ட் பம்ப் என்பார்கள். விபி44-க்கு எண்ணெய், குளிர்ச்சி எல்லாமே உள்ளே ஓடும் டீசல்தான். வரும் டீசலில் பெரும்பகுதி சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்கே திரும்பிவிடும். அதற்கு வரும் டீசலின் பிரஷரை ஓட்டத்தில் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகவிடாதே என்பது இந்த வண்டிக்காரர்களின் பாலபாடம். கஷ்டம் என்னவென்றால் பிரஷர் 3-க்கு வந்தாலும் எஞ்சின் மூச்சு விடாமல் ஓடும். ஒருநாள் எஞ்சின் கம்ப்யூட்டரில் பி0216 என்று கோளாறு எண் விழும், அன்றைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

பழைய பம்ப் வயதாகித்தான் போயிருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். ஐட்லிங்கில் 9, விறகு லோடோடு மேட்டில் ஏறினால் 3. சரி என்று மணிக்கு 100 கேலன் தள்ளும் ஒரு வெளிப் பம்ப் வாங்கி, டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் மாட்டினேன். பிராண்டு கேட்காதீர்கள், இந்த விவாத இழை அதிலேயே போய்விடும்.

டேங்கை இறக்கவில்லை. டேங்குக்கு மேலே இருக்கும், சாமான் ஏற்றும் பின்தொட்டியின் போல்ட்களைக் கழற்றி, டீசல் ஊற்றும் கழுத்தையும் விளக்கு வயரையும் பிரித்துவிட்டு, நண்பனின் கொட்டகையில் செயின் பிளாக்கால் ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்தேன். டேங்கின் மேலே இருக்கும், அளவு காட்டும் மிதவை சேர்ந்த மாட்யூலைக் கழற்றி அதன் மூடியில் இரண்டு துளை. ஒன்றில் அரை அங்குல சக்‌ஷன் குழாய், இன்னொன்றில் பம்பிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன். முன்னே விபி44 வரைக்கும் அரை அங்குல ஹோஸ். டீசல் நடுவே ஓடும் பழைய பேஞ்சோ போல்ட்களையும் தூக்கியாயிற்று, அவற்றின் ஓட்டை பென்சில் நுழையாத அளவு.

முதல் வாரம் தேன். ஐட்லிங்கில் 17, முழு மிதியில் 15. அப்புறம் டேங்க் அரைக்குக் கீழே இறங்கியது. முள் நடுங்க ஆரம்பித்தது. கால் டேங்கில் 9-க்கும் 14-க்கும் நடுவே ஆடுகிறது. டீசல் போட்டால் மறுபடி 17. பம்ப் ஓட்டையா, நான் ஓட்டையா?

டெக்சாஸ் டீசல்:
நண்பரே, என்னிடமும் அதே தலைமுறை ராம்தான், 2002. டேங்கில் துளை போட்டு ஸ்ட்ரா வைத்தவர்கள் பாதிப் பேர் சொல்லும் புகார் இது. இங்கே ‘கால் டேங்க் வியாதி’ என்றே பெயர். குழாயை அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் விட்டீர்கள்? நுனியை நேராக வெட்டினீர்களா, சாய்வாகவா? நேராக வெட்டி அடியில் முட்டவிட்டால் பிளாஸ்டிக் டேங்கே வாயை அடைத்துக்கொள்ளும். ரொம்பத் தூக்கி விட்டால் வளைவில் காற்றைக் குடிக்கும்.

ரிலே85:
கேஜ் எங்கே எடுத்தீர்கள்? விபி44 வாயிலா, ஃபில்டர் டப்பாவிலா? கேஜுக்கு முன்னால் ஊசி வால்வ் வைத்தீர்களா? விபி44 டீசலை அடித்து அடித்து எடுப்பதால் லைனில் துடிப்பு இருக்கும். அது நேராக சென்சாரில் பட்டால் முள் ஆடும், சில மாதத்தில் சென்சாரே போகும். முதலில் கேஜ் பொய் சொல்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வயரிங். பழைய பம்பின் கனெக்டரிலிருந்தே நேராகப் புது பம்புக்குக் கரண்ட் எடுத்தீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், திட்டிவிட்டுப் போகிறேன். அந்த வயர் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. பெரிய பம்பின் ஆம்பியர் அதற்குத் தாங்காது.

பனிக்காட்டான்:
@டெக்சாஸ் டீசல்: நுனி சாய்வு வெட்டு. அடியிலிருந்து அரை அங்குலம்.

@ரிலே85: கேஜ் விபி44 வாயில், ஊசி வால்வை முக்கால்வாசி மூடித்தான் வைத்திருக்கிறேன். திட்டு தப்பியது அண்ணே: பழைய கனெக்டர் ரிலேயின் காயில் முனைகளான 85, 86-க்கு மட்டும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30, 87-லிருந்து பம்ப். எர்த்தும் பேட்டரிக்கே இழுத்தேன், சேஸிஸில் துருவை நம்பவில்லை. சாவியைத் திருப்பி செல்ஃபை லேசாகத் தட்டிவிட்டால் பழைய பம்ப் ஓடியது போலவே இதுவும் ஒரு 25 நொடி ஓடி நிற்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ரிலே கடகடவென்று துடிக்கிறது.

ரிலே85:
அந்தக் கடகடப்பு சகஜம். செல்ஃப் சுற்றும்போது கம்ப்யூட்டர் லிஃப்ட் பம்புக்கு விட்டு விட்டுத்தான் கரண்ட் தரும், வேண்டுமென்றே. வயரிங் பாஸ்.

சும்மா படிக்கிறவன்:
ஒரு சந்தேகம். இவ்வளவு அறுவைக்குப் பதில் பெட்ரோல் காருக்கு விற்கிற சின்ன எலக்ட்ரிக் பம்பை வாங்கி நடுவில் சொருகினால் ஆகாதா? ஐம்பது டாலர்கூட வராது.

டெக்சாஸ் டீசல்:
கார்புரேட்டருக்கான பம்ப் ஐந்தாறு பிஎஸ்ஐ தரும். விபி44-க்கு அது பட்டினி. ஐம்பதை மிச்சம் பிடித்து ஆயிரத்தைத் தொலைக்க இதைவிட நேர்வழி இல்லை.

நண்பருக்கு என் ஓட்டு: பம்ப் கோளாறு. வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.

பழைய ஸ்பேனர்:
அவசரப்பட வேண்டாம் தம்பிகளா. நான் கோயம்புத்தூரில் டீசல் பம்ப் பெஞ்சில் முப்பது வருஷம் நின்றவன். இந்த அமெரிக்க வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் டீசலுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, எங்கே போனாலும் ஒரே குணம்.

பனிக்காட்டான் தம்பி, மூன்றே கேள்வி. கேஜை எழுதி வைத்துப் பதில் சொல்லுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

ஒன்று, முள் ஆடுவது மிதிக்கும்போது அதிகமா, சும்மா நிற்கும்போதும் அதேயா? இரண்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ஆடுகிறதா, கொஞ்சம் ஓடிய பிறகா? மூன்று, ரிட்டர்ன் குழாயின் வாய் டேங்குக்குள் எங்கே முடிகிறது?

பனிக்காட்டான்:
ஐயா, இன்று காலை மைனஸ் 11. எழுதி வைத்தே சொல்கிறேன், டேங்க் கால்வாசி. ஸ்டார்ட் செய்தது 7:10, முள் 17-ல் ஆணி அடித்த மாதிரி. 7:14 வரை அப்படியே. 7:15-க்கு லேசான நடுக்கம். 7:20-க்கு 10, 13, 9 என்று ஆட்டம். வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை. அப்புறம் எடுத்துக்கொண்டு போய் மேட்டில் மிதித்தேன். அதே ஆட்டம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி 17, மறுபடி நாலைந்து நிமிடம்.

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் வெட்கத்தோடு பதில். ரிட்டர்னுக்குக் குழாயே வைக்கவில்லை. மூடியில் ஃபிட்டிங் மட்டும். டீசல் மேலிருந்து அப்படியே உள்ளே கொட்டும். சக்‌ஷன் துளைக்கும் அதற்கும் மூன்று விரல் தூரம்.

பழைய ஸ்பேனர்:
பம்ப் சோர்ந்திருந்தால் மிதிக்கும்போதுதான் முள் விழும், நிற்கும்போது சமாளித்துக்கொள்ளும். சக்‌ஷன் ஹோஸில் எங்காவது காற்றை உள்ளே இழுத்தால் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலேயே தெரியும். ராத்திரி நின்றால் லைன் வடிந்து, காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டிவரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. நாலு நிமிடம் நன்றாக இருந்து கெடுகிறது, ஒரு மணி நேரம் தூங்கினால் சரியாகிறது. அப்படியானால் கெடுவது பம்ப் இல்லை, டேங்குக்குள் இருக்கும் டீசல்.

கிணற்றில் மோட்டார் வைத்தவனுக்கு இது புரியும். டெலிவரித் தண்ணீரைத் திருப்பி ஃபுட்வால்வ் தலைமேலேயே கொட்டினால் மோட்டார் தண்ணீரையா இழுக்கும், நுரையைத்தான் இழுக்கும். கிணறு நிறைந்திருந்தால் நுரை மேலேயே நின்றுவிடும். வற்றிய கிணற்றில் அது அடிவரைக்கும் போகும்.

மணிக்கு 100 கேலன் என்றீர்கள். எஞ்சின் எரிப்பது அதில் ஒரு துளி. மீதி எல்லாம் சுற்றிச் சுற்றி உங்கள் டேங்குக்குள்ளேயே அருவியாக விழுகிறது.

டெக்சாஸ் டீசல்:
ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. இந்த மாதிரிப் பம்புகள் காற்றைப் பிரித்து ரிட்டர்னில் தள்ளுவதற்கென்றே விற்கப்படுகின்றன. நுரை வந்தாலும் அது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

பழைய ஸ்பேனர்:
கொஞ்சம் காற்றைப் பிரிக்கும். பிரித்த காற்றை எங்கே அனுப்புகிறது? அதே ரிட்டர்ன் வழியாக, அதே மூன்று விரல் தூரத்தில். திருடனைப் பிடித்துத் திருடன் வீட்டுக்கே ஜாமீனில் விடுவது போல. வாதம் வேண்டாம், வாளி வைத்துப் பார்த்துவிடலாம். சனிக்கிழமை திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாத இடத்தில்.

சாவகச்சேரி டபுள்கேப்:
அண்ணை, நடுவில் வாறதுக்கு மன்னியுங்கோ. என்னட்ட இருக்கிறது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, 2.8 லீட்டர் டீசல், எஞ்சின்ர பேர் 3எல். காலமை செல்ஃப் நாலைஞ்சு தரம் அடிச்சாத்தான் எடுக்குது. ஃபில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை அமத்தினால் உடன எடுக்கும். நானும் இப்பிடி ஒரு எலக்ட்ரிக் பம்ப் பூட்டட்டோ?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் இருப்பது விஇ வகை பம்ப். அதற்குள்ளேயே டீசலை இழுக்கும் வேன் (vane, சிறகு) பம்ப் இருக்கிறது, வெளியிலிருந்து தள்ளிவிட ஆள் தேவையில்லை. முன்னால் பிரஷர் கூட்டினால் உள்ளே டைமிங் நகரும், முன் சீலும் வாயைத் திறக்கலாம். உங்கள் கோளாறு இரவில் லைன் வடிவதுதான். அந்தக் கைப்பம்பின் ரப்பர் டயாஃப்ரம்தான் என் முதல் சந்தேகம். அடுத்தது ஃபில்டர் மூடி வாஷர், அடுத்தது டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் கிளிப். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸில் ஒரு சாண் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஹோஸைச் சொருகிப் பாருங்கள், குமிழி தெரியும்.

சாவகச்சேரி டபுள்கேப்:
நன்றி ஐயா. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுறன். காசு மிச்சம்.

ரிலே85:
இவ்வளவு பேர் கூடியிருக்கும்போது இன்னொன்று. பனிக்காட்டான், ஃபிட்டிங்குகளில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? வீட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பழக்கத்தில் சுற்றிவிடுகிறார்கள். ஒரு நூல் பிய்ந்து விபி44-க்குள் போனால் முடிந்தது கதை. கூம்பு வாய் ஃபிட்டிங்குக்கு எதுவுமே வேண்டாம், மற்றதற்கு டீசல் தாங்கும் திரவ சீலன்ட்.

பனிக்காட்டான்:
சுற்றவில்லை. நண்பன் சுற்றப் பார்த்தான், தடுத்துவிட்டேன்.

டெக்சாஸ் டீசல்:
அப்படியே டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கேட்டுவிடுகிறேன், டேங்குக்கு ஒரு மூடி ஊற்றுகிறீர்களா? 2006-லிருந்து டீசலில் கந்தகத்தை 15 பிபிஎம்முக்குக் குறைத்த பிறகு வழுவழுப்பே இல்லை, விபி44-க்கு அதுதான் எமன்.

ரிலே85:
ஆரம்பித்துவிட்டாரய்யா. கந்தகம் எடுக்கும்போது போகிற வழுவழுப்புக்கு ஈடாக விற்பதற்கு முன்பே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதுவும் போக, 2006-க்கு முன்னாடியே விபி44 வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததே, அப்போது எமன் யார்? பட்டினியும் சூடும்தான். ஊற்றுகிறவர் ஊற்றிக்கொள்ளட்டும், கேஜை மட்டும் கழற்றாமல் இருந்தால் சரி.

சும்மா படிக்கிறவன்:
புது ராம்களில் இந்தத் தலைவலி இல்லைதானே?

ரிலே85:
வேறு தலைவலி. 2003-ல் காமன் ரெயில் (எல்லா இஞ்செக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய்) வந்தது, பாஷ் சிபி3 பம்ப், அது கல்லு. 2019, 2020 மாடல்களில் சிபி4 வைத்தார்கள். 2021 நவம்பரில் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து சிபி3-யே மாட்டிக் கொடுத்தார்கள். அதற்குத் தனி இழை போடுங்கள்.

பனிக்காட்டான்:
ஐயா, வாளி வைத்தாயிற்று. விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சக்‌ஷன் ஹோஸை டேங்கிலிருந்து பிடுங்கி 20 லிட்டர் கேனில் விட்டேன். ரிட்டர்ன் வழக்கம்போல டேங்குக்கு. எஞ்சின் ஐட்லிங். முள் 17, அசையவில்லை. ஆனால் மூன்று நிமிடத்தில் கேன் காலி! பக்கத்து வீட்டுக்காரர் என் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் குடிக்கிறதென்று நினைத்து வாயைப் பிளந்துவிட்டார். எல்லாம் டேங்குக்குத்தான் போயிருந்தது. அந்தப் பம்ப் எவ்வளவு டீசலைச் சுற்றுகிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அடுத்து ஒரு பெரிய வாளி. சக்‌ஷனும் அதில், ரிட்டர்னும் அதில். ரிட்டர்ன் வாயை மேலே பிடித்துக் கொட்டவிட்டேன். பொங்கல் பானை தோற்றது. வெளிறிய நுரை எழும்பி, கொஞ்ச நேரத்தில் டீசலே மோர் நிறத்துக்கு மாறியது. நான் சக்‌ஷனில் சொருகியிருந்த கண்ணாடி ஹோஸில் பொடிப்பொடியாய்க் குமிழி. முள்ளைப் பார்க்க நண்பனைக் கேபினில் உட்காரவைத்திருந்தேன். “பத்து, பன்னெண்டு, எட்டு” என்று கத்துகிறான். ரிட்டர்ன் ஹோஸின் வாயை வாளியின் மறுபக்க ஓரத்தில், டீசலுக்குள் அடிவரை அமுக்கினேன். நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. அப்புறம் 16, 17. மறுபடி வெளியே தூக்கினேன், மறுபடி கத்தினான். நாலு தடவை செய்து பார்த்தோம், நாலு தடவையும் அதே.

பம்பைத் திருப்பி அனுப்பப் பெட்டியெல்லாம் தேடி வைத்திருந்தேன்.

டெக்சாஸ் டீசல்:
ஐயா, என் மறுப்பை வாபஸ் வாங்குகிறேன். என் வண்டியிலும் ரிட்டர்ன் மேலேயேதான் விழுகிறது. இத்தனை நாளாய்க் கால் டேங்குக்கு முன்பே நிரப்பி நிரப்பித் தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய ஸ்பேனர்:
சந்தோஷம். இப்போது ரிட்டர்னுக்கும் ஒரு குழாய் போட்டு அடிக்கு மேலே ஓர் அங்குலம் வரை இறக்குங்கள். வாயைச் சக்‌ஷனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் ஒரு முழம் தூரம். மூடியில் இடம் இல்லையென்றால் உள்ளே குழாயை வளைத்துக்கொண்டு போகலாம்.

இன்னொன்று, வாளி விளையாட்டில் லைனில் காற்று போயிருக்கும். வண்டி எடுக்காவிட்டால் இஞ்செக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க வேண்டிவரும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தளர்த்துங்கள், துணியைப் போட்டு மூடுங்கள். எஞ்சின் ஓடும்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும். என் கூட வேலை செய்த பையனுக்கு விரல் போனது அப்படித்தான்.

ரிலே85:
ஆல்பர்ட்டா குளிருக்கு ஒரு எச்சரிக்கை. கம்பெனி ஃபில்டர் டப்பாவுக்குள் ஹீட்டர் இருக்கிறது. புதுப் பம்போடு வந்த ஃபில்டர் சேஸிஸில் காற்று படத் தொங்குகிறது, அதற்கு ஹீட்டர் உண்டா? மைனஸ் 30-ல் டீசலில் மெழுகு திரண்டால் முதலில் அடைபடுவது அதுதான். பழைய டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பனிக்காட்டான்:
அதைக் கழற்றவில்லை அண்ணே, இரண்டும் வரிசையில் இருக்கின்றன. புதுசுக்கு ஹீட்டர் தனியாகக் கிடைக்கிறது, ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை குளிர்கால டீசல், இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர்.

சாவகச்சேரி டபுள்கேப்:
ஐயா, கைப்பம்பு ரப்பரில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. புதுசு போட்டன். இண்டைக்கு ஒரே செல்ஃபில எடுத்துது.

பழைய ஸ்பேனர்:
நல்லது தம்பி.

பனிக்காட்டான்:
மறுபடி பின்தொட்டியைத் தூக்கி, ரிட்டர்ன் குழாயை அடிவரை இறக்கி, வாயை மறுபக்கம் திருப்பி மாட்டியாயிற்று. ஏர் எடுக்க வேண்டி வரவில்லை, சாவியை நாலு தடவை தட்டியதில் தானாகவே நிரம்பிக்கொண்டது. நேற்று வேண்டுமென்றே டீசல் போடாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஐட்லிங்கில் 17, மேட்டில் 15, முள் ஆடவே இல்லை.

டேங்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்காதீர்கள். மாட்யூலைத் திருப்பி வைக்கும்போது மிதவைக் கம்பியை வளைத்துவிட்டேன் போலிருக்கிறது. டேஷ்போர்டில் எப்போதும் முக்கால் டேங்க் காட்டுகிறது. மனைவி ரொம்ப சிக்கனமான வண்டி என்கிறார். அடுத்த சனிக்கிழமை மூன்றாவது தடவையாகச் செயின் பிளாக்.